சர்வேயர் வீட்டு வல்லாரை

சாய்மலைப்புதூரில் ஒருவருக்குத் தன் நிலம் எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டுமானால், தாலுகா ஆபீசில் மனுப் போட்டு, நடையாய் நடந்து, செருப்புத் தேய்ந்து, கடைசியில் ஒரு பங்குனி வெயிலில் யாரோ ஒரு அதிகாரி வந்து குடை பிடித்து நின்று, இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவதுதான் நெடுங்காலமாக இருந்த வழக்கம். போன ஆவணியிலிருந்து அந்த வழக்கம் மாறி, உலகம்மாள் வீட்டுக் குளியலறைக்குப் பின்னால் போய் வரிசையில் நின்று, ஐந்து வல்லாரை இலை வாங்கி, துவையல் அரைத்துச் சுடுசோற்றில் பிசைந்து தின்றால் போதும் என்றாகிவிட்டது. பாதிச் சோறு உள்ளே போவதற்குள் நிலம் நினைவுக்கு வரும், அதன் நான்கு கல்லும் நினைவுக்கு வரும், கல் நட்ட அன்று அடித்த வெயிலும் நினைவுக்கு வரும். தின்றவர் அதற்கு முன்னால் அந்த நிலத்தை மிதித்தே இருக்க வேண்டியதில்லை.

இதற்காக ஊரார் யாரும் வாயைப் பிளந்ததாகத் தெரியவில்லை. வல்லாரை ஞாபகசக்திக்கு நல்லது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வந்தவர்கள் அவர்கள். நல்லது என்று சொன்ன கீரை நல்லது செய்தால் அதில் அதிசயப்பட என்ன இருக்கிறது? அவர்களுக்கு இருந்த ஒரே குறை, உலகம்மாள் இன்னும் கொஞ்சம் அகலமாகப் பாத்தி கட்டியிருக்கலாம் என்பதுதான்.

அந்த ஞாபகமெல்லாம் உலகம்மாளின் கணவர் ஆவுடையப்பனுடையது. முப்பத்தாறு வருஷம் சர்வேயராக இருந்து அந்தத் தாலுகாவின் மேடு பள்ளம், வாய்க்கால் வரப்பு, தோப்பு துரவு அத்தனையையும் சங்கிலி போட்டு அளந்து கல் நட்டவர். நேர்மையான ஆள், நேர்மையான ஆள் என்று ஊரே சொல்லும். அந்த நேர்மையோடு ஒரே வீட்டில் குடியிருந்த உலகம்மாளுக்குத்தான் அதன் அருமை தெரியும். அளக்கப் போகிற இடத்துக்காரரை அவர் கட்சிக்காரர் என்பார். கட்சிக்காரர் வீட்டில் கை நனைக்க மாட்டார். சோறு மட்டுமில்லை, இளநீர், காப்பி, வெறும் தண்ணீர்கூடக் கிடையாது. நாலடுக்குத் தூக்குவாளியில் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டு போய், ஏதாவது ஒரு மரத்தடியில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டு வருவார். உலகம்மாளின் தங்கை கல்யாணத்தில், மாமனாரின் எலுமிச்சந் தோப்புக்கு உட்பிரிவு மனு நிலுவையில் இருக்கிறது என்று சொல்லி, மணவறைக்குப் பத்தடி தள்ளித் தூக்குவாளியைத் திறந்து தயிர்ச்சோறு தின்ற மனிதர் அவர். அந்த அவமானத்தை அவள் இன்னும் மறக்கவில்லை.

ஓய்வு பெற்று ஆறாம் வருஷம் மறதி வந்தது. முதலில் கண்ணாடியை மறந்தார், பிறகு கிழமையை மறந்தார், பிறகு ஓசூரில் வேலை பார்க்கும் மகனுக்குப் போனில் “சொல்லுங்க சார்” என்றார். திருநெல்வேலியில் பெரிய டாக்டர் ஒருவர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, மூளையில் இங்கே வீக்கம், இங்கே சுருக்கம் என்று பேனாவால் தொட்டுக் காட்டினார். ஒரே தலைக்குள் வீக்கமும் சுருக்கமும் எப்படி இருக்கும் என்று உலகம்மாள் கேட்டு முடிப்பதற்குள் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். மாத்திரைச் சீட்டோடு ஊருக்கு வந்தவள், அரசாங்க சித்த வைத்தியப் பிரிவில் இருந்த டாக்டர் நல்லசிவத்திடம் போனாள். அவர் நிதானமான மனிதர். வல்லாரை, நீர்ப்பிரமி, வாலுழுவை அரிசி, அமுக்கராக் கிழங்கு, மஞ்சள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, ஒன்றையும் மறைக்காமல் பேசினார்.

“மறதிக்கும் மூளை வீக்கத்துக்கும் இதெல்லாம் நூல்ல இருக்கும்மா. இப்ப ஆராய்ச்சியும் நடக்கு. எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காவ, எலிக்கு நல்லா ஞாபகம் வருதாம். மனுசருக்கு வருமான்னு இன்னும் அடிச்சுச் சொல்ல முடியல. பெரிய டாக்டர் மாத்திரையை நிறுத்திராதீய, இதையும் சேத்துக் குடுத்துப் பாருங்க.”

“எலி எதை ஞாபகம் வச்சிக்கிட்டு என்ன சார் செய்யப் போவுது?” என்றாள் உலகம்மாள்.

டாக்டர் நல்லசிவம் சிரித்துவிட்டு மருந்துச் சீட்டை எழுதினார். ஊராரிடம்தான் எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. ஆளுக்கொரு செடியோடு வந்தார்கள், ஆளுக்கொரு பத்தியம் சொன்னார்கள், ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் கேட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். உலகம்மாள் வல்லாரையை மட்டும் பிடித்துக்கொண்டாள். குளியலறைத் தண்ணீர் போய் விழுகிற ஈரத்தில் நாலு கொடி ஊன்றினாள். தினமும் காலையில் ஆவுடையப்பன் தலைக்கு ஊற்றிக் குளிப்பார். அந்தத் தண்ணீர் கொடிக்குப் போகும். கொடியில் பறித்த இலை துவையலாகி அவர் தட்டுக்கு வரும். ஒரு மண்டலம் முடிந்தபோது பார்த்தால், வல்லாரை உள்ளங்கை அகலத்துக்கு மதமதவென்று வளர்ந்திருந்தது. ஆவுடையப்பனோ, வேட்டி எதற்குக் கட்டுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் தலையில் ஊற்றிய தண்ணீரோடு எது வழிந்து போயிற்றோ, அது போய்ச் சேர்ந்த இடத்தில் செழிப்பாக இருந்தது. இதைவிட விளக்கமாக இந்த விஷயத்தைச் சொன்னவர்கள் சாய்மலைப்புதூரில் யாரும் இல்லை.

மிஞ்சிய இலையைப் பக்கத்து வீட்டுப் பகவதிக்குக் கொடுத்தாள். பகவதி ரேஷன் கடையில் எடை போடுகிறவள். கையும் வாயும் ஒரே அளவு கறார். துவையலைப் பிசைந்து இரண்டு உருண்டை உள்ளே தள்ளியவள், சட்டென்று எழுந்து நின்று, “மாடக்கண்ணு தோட்டத்து வடமேக்குக் கல்லு கிணத்துக்குள்ளல்லா கிடக்கு!” என்றாள். மாடக்கண்ணுவின் தோட்டத்தை அவள் கண்ணால் கண்டதில்லை. கிணற்றில் ஆள் இறங்கிப் பார்த்தார்கள். கிடந்தது.

அவ்வளவுதான், ஊர் அந்தச் செய்தியை விழுங்கி ஏப்பம் விட்டுவிட்டு வரிசையில் வந்து நின்றுவிட்டது. காலை ஆறிலிருந்து ஏழு வரை, ஆளுக்கு ஐந்து இலை, வீட்டுக்கு வாரம் ஒருமுறை, நிலத் தகராறு உள்ளவர்களுக்கு முன்னுரிமை என்று பகவதியே சட்டம் போட்டு, ரேஷன் கடைக் குரலில் வரிசையை நடத்தினாள். கிராம நிர்வாக அலுவலர் வரைபடத்தோடு வந்து, நின்றபடி ஒரு வாய் தின்று, அப்படியே உட்கார்ந்து வரைபடத்தில் மூன்று இடத்தைத் திருத்தினார். பத்தொன்பது வருஷமாகக் கோர்ட்டில் மோதிய அண்ணன் தம்பி ஒரே தட்டில் பிசைந்து தின்று, ஒரே கல்லை ஒரே நேரத்தில் ஞாபகப்படுத்திக்கொண்டு, பழக்கதோஷத்தில் யாருக்கு முதலில் ஞாபகம் வந்தது என்று சண்டை போட்டார்கள்.

கேட்டதுதான் வரும் என்று சொல்வதற்கில்லை. பஞ்சாயத்துத் தலைவருக்கு, எல்லைக்குப் பதிலாக ஆவுடையப்பனின் பழைய கடைவாய்ப் பல்வலி வந்து இரண்டு நாள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரிந்தார். கோவில் ஓதுவாருக்கு, ஒரு மழை நாளில் செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் தின்ற புரோட்டாவும் சால்னாவும் நாக்கில் வந்து நின்றதில், சுத்த சைவரான அவருக்கு மூன்று நாள் தேவாரத்தில் சுருதி சேரவில்லை. டாக்டர் நல்லசிவத்திடம் இதைப் பற்றிக் கேட்டார்கள். அவர் தாடையைத் தடவிக்கொண்டு, “வல்லாரை ஞாபகத்தைக் குடுக்கும்னுதான் நூல்ல இருக்கு. யாரோட ஞாபகம்னு நூல்ல இல்ல” என்றார்.

உலகம்மாளுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது. ஊரில் எல்லாருக்கும் அவள் கணவரைக் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்திருந்தது. அவருக்குத்தான் யாரையும் தெரியவில்லை.

கார்த்திகையில் ஒருநாள் காலை அவர் முற்றத்தில் நின்று சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டார். “ஏம்மா, இது யாரு இடம்?”

“நம்ம இடம்தான்.”

“உங்க இடம்னா நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அளக்கணும்.”

அன்றைக்குத் தொடங்கினார். கொடிக்கயிற்றை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு, காம்பவுண்டின் நான்கு மூலைக் கல்லுக்கும் நடந்து நடந்து அளந்தார். வேலை என்று வந்ததும் முதுகு நிமிர்ந்தது, கண்ணில் தெளிவு வந்தது. உலகம்மாளுக்குக்கூட ஒரு நிமிஷம் நம்பிக்கை வந்தது. இலை போட்டு, “சாப்பிட வாங்க” என்று கூப்பிட்டதும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

“கட்சிக்காரங்க வீட்ல கை நனைக்கிறதில்லம்மா. தப்பா நினைக்காதீங்க. வேலை முடிஞ்சதும் கிளம்பிருவேன்.”

அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை. தெருக்குழாயில் மட்டும் வாய் வைத்துக் குடித்தார். அது சர்க்கார் தண்ணீர். மறுநாள் உலகம்மாள் பரண்மேல் கிடந்த நாலடுக்குத் தூக்குவாளியைப் புளி போட்டுத் துலக்கி, சோறும் குழம்பும் அடைத்து, கொல்லை வாசல் வழியாக வெளியேறி, சந்தைச் சுற்றித் தெருவுக்கு வந்து, முன்வாசல் கேட்டைத் தட்டினாள்.

“சார், உங்க வீட்ல இருந்து சாப்பாடு குடுத்து விட்டிருக்காவ.”

அவர் முகம் மலர்ந்து முருங்கை நிழலில் போய் உட்கார்ந்து சாப்பிட்டார். அதிலிருந்து தினமும் மூன்று வேளையும் அவள் தன் வீட்டைச் சுற்றிக்கொண்டு தன் வீட்டுக்கு வந்தாள். கால் வலித்தாலும் ஒரு லாபம் இருந்தது. நாற்பத்தோரு வருஷத்தில் சமையலைப் பற்றி “ம்” என்பதற்கு மேல் சொல்லாத மனிதர், மூன்றாம் மனுஷியிடம் வாய் ஓயாமல் பேசினார்.

“எங்க வீட்டம்மா வைக்கிற புளிக்குழம்பு மாதிரி தாலுகாவுலயே கிடையாதும்மா.”

“அப்படியா சார்? ஆளு எப்படி?”

“கோவக்காரி. ஆனா அவ கோவத்துக்கு ஒரு நியாயம் இருக்கும். சிரிச்சா பாத்துக்கிட்டே இருக்கலாம்.”

“இதையெல்லாம் அவுகட்ட சொல்லியிருக்கீயளா?”

“சொல்லுவாங்களாக்கும்!” என்று அவர் வெட்கப்பட்டார்.

உலகம்மாள் அடுப்படிக்குப் போய்ச் சிரிப்பாள், பிறகு அழுவாள், பிறகு அந்த வீட்டம்மாவின்மேல் வயிறெரிவாள். தன்மேல் தானே பொறாமைப்படுகிற பெண்பிள்ளை ஊருலகத்தில் தான் ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

ஆனால் வேலை முடிந்ததும் கிளம்பிவிடுவேன் என்று அவர் சொன்னது அவளுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. சொன்னால் செய்கிற மனிதர். கிளம்பினால் எங்கே போவார், எந்த பஸ்ஸில் ஏறுவார், எந்த ஊரில் இறங்கி யார் வாசலில் நிற்பார்? அதனால் அவர் மத்தியானம் கண்ணயர்கிற நேரத்தில், கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய், பகவதி வீட்டுப் பக்கத்து மூலைக் கல்லை ஒரு சாண் நகர்த்தி வைத்தாள். முதல் நாள் ஒரு மணி நேரம் ஆயிற்று. போகப் போக அந்தக் கல் பால்பல் மாதிரி ஆடிப் பழகிவிட்டது. ஒருநாள் இந்தப் பக்கம், ஒருநாள் அந்தப் பக்கம். சாயங்காலம் ஆவுடையப்பன் அளந்து பார்ப்பார், கணக்கு இடிக்கும், தலையை ஆட்டிக்கொண்டு, “நாளைக்கும் இருக்கும்மா வேலை” என்பார். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் நாள் முழுக்கக் காத்திருந்தாள்.

எடை போடுகிறவள் கண்ணுக்கு ஒரு சாண் தப்புமா? பகவதி அந்த மாதம்தான் மதில் கட்டச் செங்கல் இறக்கியிருந்தாள்.

“மைனி, கல்லு நடக்குதே, பாத்தீயளா?”

“கல்லு எங்கயாவது நடக்குமா பகவதி?”

“உங்க வீட்டுக் கல்லு நடக்கு. செவ்வாக்கெழம இலை தின்னு, கல்லு நின்ன இடத்தை அண்ணாச்சி ஞாபகத்தை வச்சே காட்டுதேனா இல்லியா பாருங்க. சர்க்கார் கல்லை அசைக்கிறது குத்தம், தெரியும்லா?”

சொன்னபடி செவ்வாய்க்கிழமை ஐந்து இலை பறித்துக்கொண்டு போனாள். அன்று சாயங்காலம் அவள் கல்லைக் காட்ட வரவில்லை. உலகம்மாளும் நல்லதாகப் போயிற்று என்று இருந்துவிட்டாள்.

புதன்கிழமை மத்தியானம் அவள் தூக்குவாளியோடு கேட்டைத் தட்டி, வழக்கம்போல, “சார், உங்க வீட்ல இருந்து” என்று ஆரம்பித்தாள்.

“எந்த வீட்ல இருந்து?”

“உங்க வீட்டம்மா குடுத்து விட்டாவ.”

ஆவுடையப்பன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “எனக்கு வீட்டம்மா கிடையாதேம்மா. நான் ஒத்தையாளு. ஆள் மாறி வந்துட்டீங்க போல.”

தூக்குவாளியை மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அப்போதுதான் உலகம்மாளுக்கு உறைத்தது. இலையில் போனது அவரிடம் இல்லை. தின்றது திரும்ப முளைப்பதும் இல்லை. மாடக்கண்ணு தோட்டத்துக் கல் போன மாதிரி, பல்வலி போன மாதிரி, புரோட்டா போன மாதிரி, அவளும் ஒரு இலையாகிப் போய்விட்டாள். அவள் கைச் சோற்றுக்கு இருந்த ஒரே வழியும் அதோடு அடைபட்டது.

பாத்தியைச் சுற்றி முள் வெட்டிப் போட்டாள். வியாழக்கிழமை காலை வரிசையில் நின்றவர்கள், பதினெட்டு வழக்கு பாக்கி இருக்கிறது என்று கத்தினார்கள். “உங்க கல்லைக் கொண்டு போய்க் குப்பையில போடுங்க! எம் புருசன் பட்டினி கிடக்காவ!” என்று அவள் போட்ட சத்தத்தில் வரிசை கலைந்தது. கலைந்தவர்கள் சும்மா இருக்கவில்லை, பாவம். ஆளுக்கொரு பாத்திரத்தில் சோறு கொண்டு வந்தார்கள். அந்தத் தாலுகாவில் அவருக்குக் கட்சிக்காரர் இல்லாதவர் யார்? எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டார். ஓட்டலுக்குக் கூட்டிப் போனார்கள். இந்த இடம் எந்த சர்வே நம்பர் என்று முதலாளியிடம் கேட்டு, பதிலைக் கேட்டதும் எழுந்து வந்துவிட்டார். தாசில்தார் கொடுத்து விட்ட சாப்பாடு என்று ஒருவர் சொல்லிப் பார்த்தார். தாசில்தார் வீட்டிலும் கை நனைப்பதில்லை என்றார்.

உலகம்மாள் தன்னைத் தேடிப் பாத்தியில் இறங்கினாள். இருந்த இலை அத்தனையையும் பறித்துப் பறித்துத் தானே தின்றாள். வயல் வந்தது, குளக்கரை வந்தது, ஏதோ ஒரு தாசில்தார் ஏசிய ஏச்சு வந்தது, மகன் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் நடந்த நடை வந்தது. அதில் அவள் இல்லை, கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். வெள்ளிக்கிழமை விடிந்தபோது பாத்தியில் வெறும் காம்புதான் மிச்சம். டாக்டர் நல்லசிவம் வந்து ஆவுடையப்பனின் நாடி பார்த்துவிட்டு, சாயங்காலத்துக்குள் ஒரு வாயாவது சாப்பிடாவிட்டால் தென்காசிக்குக் கொண்டு போய்க் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், கையைக் காலைக் கட்டித்தான் ஏற்றுவார்கள் என்றார். ஆவுடையப்பன் அப்போதும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தள்ளாடித் தள்ளாடி அளந்துகொண்டிருந்தார்.

டாக்டர் போன பிறகு பகவதி வந்தாள். கேட் வழியாக வரவில்லை. மூலைக் கல்லுக்கு அந்தப் பக்கம், தன் இடத்தில் நின்றுகொண்டு, முந்தானையை முறுக்கினாள்.

“மைனி, செவ்வாக்கெழம நான் தின்ன இலையில கல்லு வரல.”

“பின்ன என்னட்டி வந்துச்சு?”

“நீங்க வந்தீய.”

உலகம்மாள் கல்லுக்குக் கிட்டே வந்தாள்.

“சொல்ல வெக்கமா இருந்துச்சு. அடுத்தவ புருசன் மனசுல இருந்ததைத் தின்னுட்டு வந்து எப்படிச் சொல்லுவேன்? பாவாட தாவணி போட்டு, ஒரு எலுமிச்சந் தோப்புல வாறீய. அண்ணாச்சி அளந்துக்கிட்டு நிக்காவ, நாக்கு வறண்டு கிடக்கு. நீங்க மோர்ச் செம்பை எல்லைக்கல்லு மேல வச்சிட்டுத் திரும்பிப் பாக்காமப் போறீய. அவுக அந்தச் செம்பையே பாக்காவ. மோரு கட்சிக்காரன் வீட்டு மோரு. ஆனா கல்லு சர்க்கார் கல்லு. சர்க்கார் கல்லு மேல இருக்கிறது கட்சிக்காரனுதுல சேராதுல்லா? யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டு ஒரே மூச்சுல குடிச்சிட்டாவ. நம்ம விரதமும் கெடாம தாகமும் தீரணும்னு இந்தப் பிள்ளை எவ்வளவு சட்டம் தெரிஞ்சு வச்சிருக்குன்னு, அன்னைக்கே உங்களைத்தான் கெட்டணும்னு முடிவு செஞ்சிட்டாவ மைனி.”

உலகம்மாள் கல்லுக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“அடப் பாவி மனுசா. அது எங்க அப்பாவுக்குக் கொண்டு போன மோருட்டி! தாவணி எலுமிச்ச முள்ளுல மாட்டிக்கிடுச்சு, எடுத்து விட செம்பைக் கல்லுல வச்சேன். அதுக்குள்ள அப்பா கிணத்தடியில இருந்து கூப்பிட்டாவ, ஓடிட்டேன். திரும்பி வந்து பாத்தா செம்பு காலி. நாய் குடிச்சிட்டுன்னு அந்தத் தோப்பு நாயைக் கல்லால அடிச்சேன். அப்பாகிட்ட ஏச்சும் வாங்குனேன்.”

நாற்பத்தோரு வருஷக் குடித்தனம், ஒரு முள்ளில் மாட்டிய தாவணியில் தொடங்கியிருக்கிறது. அவரும் ஒரு நாள்கூட அதைச் சொல்லவில்லை, நேர்மையான மனிதர் ஒரே ஒரு தடவை திருடிக் குடித்ததை எப்படிச் சொல்வார்? உலகம்மாள் சிரித்தாள், மூக்கைச் சிந்தினாள், பிறகு எழுந்து அடுப்படிக்கு ஓடினாள்.

இஞ்சி தட்டி, கறிவேப்பிலை கிள்ளி, பெருங்காயம் கரைத்து மோர் ஆற்றினாள். செம்பில் ஊற்றி எடுத்துக்கொண்டு மூலைக் கல்லுக்குப் போனாள். ஆவுடையப்பன் பத்தடி தள்ளிக் கயிற்றோடு நின்றார். அவள் அவரைப் பார்க்கவில்லை. செம்பைக் கல்லின் தலையில் வைத்துவிட்டு, அறுபத்துமூன்று வயதுக் காலால் எவ்வளவு வேகமாகப் போக முடியுமோ அவ்வளவு வேகமாகப் போய், முருங்கை மரத்துக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நின்றுகொண்டாள். அன்றைக்குத் திரும்பிப் பார்க்காமல் போனது சுலபமாக இருந்தது. இன்றைக்குக் கழுத்து வலித்தது.

பகவதி தன் பக்கத்து ஓலைக்கீற்று மறைப்பிலிருந்து எட்டிப் பார்த்தாள். உலகம்மாள் சுவரைப் பார்த்தபடியே அவளிடம் கேட்டாள்.

“என்ன செய்யுதாவ?”

“செம்பைப் பாக்காவ.”

“இப்ப?”

“சுத்திமுத்தும் பாக்காவ. கிட்ட வந்துட்டாவ. குனிஞ்சு கல்லைத் தொட்டுப் பாக்காவ மைனி, சர்க்கார் கல்லுதானான்னு.”

“இப்ப?”

பகவதி கீற்றை விலக்கி இன்னும் கொஞ்சம் எட்டினாள்.

“ஏட்டி, சொல்லித் தொலையேன்!”

“குடிச்சிட்டாவ மைனி. ஒரே மூச்சு.” பகவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அடுத்து ஒரு கிண்ணம் தயிர்ச்சோறு கல்மேல் போயிற்று. அதுவும் காலியாயிற்று. அடுத்து மாத்திரை. அதற்கு அடுத்து, மூன்று நாள் பட்டினிக்கு இது போதாது என்று இன்னொரு கிண்ணம். நான்காம் தடவை உலகம்மாள் கிண்ணத்தை எடுக்கப் போனபோது, ஆவுடையப்பன் கல்லருகே சம்மணம் போட்டு உட்கார்ந்து, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார். அவளை நிமிர்ந்து பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

“ஏம்மா, உங்க பேரு என்ன?”

“உலகம்மா.”

“உலகம்மா” என்று சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தணித்துக் கேட்டார். “அப்பா வீட்ல இருக்காங்களா? ஒரு விசயம் பேசணும்.”

அப்பா செத்து இருபத்திரண்டு வருஷம். உலகம்மாள் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“தோப்புக்குப் போயிருக்காவ. நாளைக்கு வருவாவ.”

“அப்ப நாளைக்குப் பேசிக்கிடுதேன். நாளைக்கும் இங்க வேலை இருக்குல்லா?”

“இருக்கு” என்றாள் உலகம்மாள். “நிறைய இருக்கு.”

அவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு முருங்கை நிழலில் துண்டை விரித்துப் படுத்தார். குறட்டை சீராக வரும்வரை காத்திருந்துவிட்டு, உலகம்மாள் சத்தம் போடாமல் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கல்லடிக்குப் போனாள். அவளுக்கு முன்பே பகவதி அங்கே இருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தன் இடத்துப் பக்கம் குத்தவைத்து, இரண்டு கையாலும் கல்லைக் கெட்டியாகப் பிடித்திருந்தாள்.

“இன்னைக்கு எந்தப் பக்கம் மைனி?” என்றாள்.